என்னால் முடியாது என்றது உண்மைதான்

என் அக்காள் மகனுக்கு வயது 18. இன்னும் சில மாதத்தில் என்.எஸ். போகிறான். ஒரு வருடமாக ஜிம்மே கதி. பெஞ்ச் பிரஸ்ஸில் 70 கிலோ தூக்குகிறான், கை சட்டையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் 2.4 கிலோமீட்டர் ஓடச் சொன்னால் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொள்வான்.

"ஓட்டம்லாம் டெக்கோங் போனா அவங்களே ஓட வச்சிருவாங்க மாமா. இப்ப ஓடினா ஏத்தின உடம்பெல்லாம் கரைஞ்சிடும்" என்றான், காப்பிக்கடையில் தே ஓ கொசோங்கை உறிஞ்சிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு நேர் எதிரான முட்டாளாக நான் இருந்திருக்கிறேன்.

2006இல் நான் சேர்ந்தபோது என் எடை 54 கிலோ. பள்ளியில் நெடுந்தூர ஓட்டக்காரன். ஓட்டத்தில் எங்கள் பிளட்டூனிலேயே இரண்டாவதாக வந்தேன். அப்போதெல்லாம் உடலுறுதித் தேர்வில் கம்பியைப் பிடித்து மேலேறுவதும் உண்டு. அதில் நாலு தாண்டமாட்டேன். அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. எடை தூக்குவதெல்லாம் கண்ணாடி பார்க்கிறவர்கள் வேலை என்பது அன்றைய என் எண்ணம்.

ஒரு 16 கிலோமீட்டர் ரூட் மார்ச். முதுகில் பை, இடுப்பில் தண்ணீர், கையில் 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவான சார் 21 துப்பாக்கி. பத்தாவது கிலோமீட்டர் வாக்கில் என் பக்கத்துக் கட்டில்காரன் நொண்ட ஆரம்பித்தான். இரண்டு காலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. "அவன் பையை யாராவது வாங்கிக்குங்க" என்று சார்ஜண்ட் குரல் கொடுத்தார். அவனுக்கு மிகப் பக்கத்தில் இருந்தவன் நான். மூச்சுகூட வாங்கவில்லை எனக்கு. ஆனால் ஏற்கெனவே என் பையே தோளை அறுத்துக்கொண்டிருந்தது. "என்னால முடியாது சார்ஜண்ட்" என்றேன்.

எங்களில் எப்போதும் கடைசியாக ஓடிவரும் ஒரு குண்டுப் பையன், அந்தப் பையை வாங்கி நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டான். மூன்று கிலோமீட்டர் தாக்குப்பிடித்தான். பிறகு முகமெல்லாம் சிவந்து, அவனே நிற்கவேண்டியதாயிற்று. பை மூன்றாவது ஆளிடம் போனது. அது எத்தனை கை மாறினாலும் என் கைக்கு வரவில்லை. கடைசிவரை நான் சுகமாக நடந்துபோய்ச் சேர்ந்தேன்.

அன்றிரவு கட்டில்காரன் என்னிடம், "பரவால்ல, நீ சின்ன ஆளு" என்றான். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

இதில் நான் செய்தது தப்பா? பல வருடம் இதற்கு எனக்குப் பிடித்த ஒரு பதில் வைத்திருந்தேன். முடியாததைச் செய்யவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நீச்சல் தெரியாதவன் கரையில் நின்றால் அவன் கோழையல்ல. நான் சொன்னது பொய்யும் அல்ல. அந்தப் பையை மாட்டியிருந்தால் நான் விழுந்திருப்பேன்.

ஆனால் அந்தப் பதில் பத்தாவது கிலோமீட்டரில் இருந்துதான் கதையைத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வருடத்தைக் கேட்டால் பதில் ஆட்டம் காண்கிறது. என்றைக்குச் சேரவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. சுமக்கவேண்டிய இடத்துக்குத்தான் போகிறேன் என்பதும் தெரியும். வாரம் ஐந்து நாள் ஓடினேன். ஏனென்றால் அதில் நான் கெட்டிக்காரன். தண்டால் எடுத்தால் நான் சுமார் என்பது எனக்கே தெரிந்துவிடும், அதனால் எடுக்கவில்லை. அன்று என்னால் முடியாமல் போனது உண்மை. அந்த முடியாமையை நானே வளர்த்தேன் என்பதும் உண்மை.

இதை ரொம்ப இழுக்கவும் கூடாது. ஆஸ்துமாக்காரனையோ முட்டி அறுவைசிகிச்சை ஆனவனையோ பார்த்து 'நீ தயாராகவில்லை' என்று சொல்கிறவன் மனிதனே அல்ல. வரப்போகிற எல்லாவற்றுக்கும் எவனாலும் தயாராக முடியாது. ஆனால் தேதி போட்டு வருகிற ஒன்றைப் பற்றித்தானே பேசுகிறோம்.

இதையெல்லாம் சொன்னதும் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். "நானா விரும்பிப் போறேன்? சட்டம், போறேன். அவங்க கேட்ட அளவுக்குச் செஞ்சா போதாதா?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இப்போதைய ஐ.பி.பி.டி.யில் மொத்தம் 100 புள்ளி. ஓட்டத்துக்கு 50, தண்டாலுக்கு 25, சிட்-அப்புக்கு 25. சேருமுன்பே 61 புள்ளி எடுத்துவிட்டால் சேவைக்காலத்தில் 2 மாதம் குறையும். கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அரசாங்கத்துக்கு அதோடு கணக்குத் தீர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தேர்வில் எவனும் யாருடைய பையையும் தூக்குவதில்லை. பக்கத்துக் கட்டிலில் படுக்கப்போகிறவனும் விரும்பி வரவில்லை, அவனுக்கும் அதே சட்டம்தான். அவனுக்கு நான் என்ன தரவேண்டும் என்பதை 61 என்ற எண் சொல்லாது.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதே மாமா" என்றான். எனக்கும் அப்போது தெரியாதுதான் என்றேன்.

கரைந்துவிடும் என்று அவன் பயந்தானே, அது வெறும் ஜிம் கதையும் அல்ல. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 10 வாரம், மூன்று குழு. ஒரு குழு பலப் பயிற்சி மட்டும், ஒன்று தாங்குதிறன் பயிற்சி மட்டும், ஒன்று இரண்டும். இரண்டும் செய்தவர்களுக்கு மூச்சுத் திறன் தாங்குதிறன் பயிற்சி மட்டும் செய்தவர்களைப் போலவே கூடியது. பலம் ஏழு வாரம் போல ஏறி, பிறகு நின்று, கடைசியில் இறங்கியது. ஆனால் அவர்கள் பலத்துக்கு வாரம் 5 நாள், தாங்குதிறனுக்கு 6 நாள் என்று உடம்பைப் பிழிந்தார்கள். நம் பையன்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இரண்டுமே சேர்ந்து ஏறும், தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தால்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். வாரம் இரண்டு நாள் எடை. அதிலும் கால், முதுகு; நெஞ்சு கொஞ்சம் காத்திருக்கட்டும். ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம். ஒரு நாள் வேகமாக 400 மீட்டர், நடுவில் ஓய்வு, மறுபடி 400. கால் எடை தூக்கிய நாளில் வேக ஓட்டம் கிடையாது. சனிக்கிழமை பை மாட்டிக்கொண்டு வீவக புளோக்கில் படியேறுவது. பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நாலு, 6 கிலோ. வாரம் போகப்போக ஒவ்வொன்றாகக் கூட்டலாம். சுமையோடு ஓடக்கூடாது, நடக்கத்தான் வேண்டும். இறங்கும்போது லிப்ட், முட்டி பாவம்.

போன சனிக்கிழமை ஆறு பாட்டிலோடு ஏறினான். ஒன்பதாவது மாடியில் நின்று, சுவரில் கை ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்க பை எங்க மாமா?"

"எனக்கு முட்டி வலி, முடியாதுப்பா" என்று வாயில் வந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். இரண்டு பாட்டிலை வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டாவது மாடி வரை போனோம்.