நாம் ஏன் வாய் திறப்பதில்லை?



நம்மவர் வீட்டுச் சுவரிலே திரு இருதயப் படம் தொங்குகிறது. மாலையில் செபமாலை சொல்லும் சத்தம் வேலிக்கு அப்பாலும் கேட்கிறது. ஆனால் வேலிக்கு அப்பாலுள்ள சைவக் குடும்பத்தவர், "இதையெல்லாம் ஏன் செய்யிறியள்?" என்று கேட்டுவிட்டால் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "அது எங்கடை வழக்கம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

இத்தயக்கத்தைக் கோழைத்தனம் என்று பிரசங்கத்தில் கண்டிப்பது எளிது. நான் அப்படிச் செய்ய மாட்டேன். அதில் பாதி நியாயமானது. உத்தியோகத்துக்காகவும் சலுகைக்காகவும் ஞானஸ்நானம் பெற்ற காலங்களை இம்மண் போர்த்துக்கேயர் நாளிலும் ஒல்லாந்தர் நாளிலும் கண்டது. நம் நாளிலும், இடம்பெயர்ந்து நொந்த குடும்பங்களிடம் ஒரு கையில் நிவாரணப் பொதியும் மறு கையில் துண்டுப்பிரசுரமுமாகச் சென்றவர்கள் உண்டு. அயலவர் கசந்துகொண்டதில் தவறில்லை. வற்புறுத்தலோ தகாத தூண்டுதலோ, விசேஷமாக ஏழைகளிடத்தில், கூடாதென்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் சமய சுதந்திரம் பற்றிய ஏட்டில் சொல்லிவிட்டது. ஆகவே அப்படி ஆகிவிடுவேனோ என்று கூசுகிற மனம் நல்ல மனமே.

மற்றப் பாதிக்கு என்னையே உதாரணமாக எடுக்கிறேன்.

குருவாகிய புதிதில் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் திருநீறு பூசிய பெரியவர் ஒருவர். சங்குப்பிட்டிப் பாலம் கடந்தபின் பேச்சுத் தொடங்கினார். மனைவி காலமாகி, அந்தியேட்டி முடிந்து சில நாள்தானாம். சிறிது மௌனமாயிருந்துவிட்டு, "சுவாமி, செத்தவையைத் திரும்பக் காணலாமெண்டு உங்கடை வேதத்திலை சொல்லுகினம். நீங்கள் அதை மெய்யாய் நம்புறியளோ?" என்றார்.

"எங்கள் திருச்சபை அப்படித்தான் போதிக்கிறது, ஐயா" என்றேன்.

தலையை ஆட்டினார். பின்னர் மழையைப் பற்றிப் பேசினோம். வெள்ளாங்குளத்தில் இறங்கிப் போய்விட்டார்.

என் மறுமொழியில் பிழையில்லை. குருமடத்துப் பரீட்சையில் புள்ளி கிடைத்திருக்கும். ஆனால் அவர் திருச்சபையைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். மதம் மாறும் எண்ணம் அவருக்கும் இல்லை, மாற்றும் எண்ணம் எனக்கும் இல்லை. துக்கத்திலிருந்த ஒரு மனிதர், பக்கத்திலிருப்பவனின் நம்பிக்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்று தொட்டுப் பார்த்தார். "ஓம் ஐயா, நம்புகிறேன். சில இரவுகளில் கஷ்டப்பட்டுத்தான் நம்புகிறேன், ஆனாலும் நம்புகிறேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். அவருடைய சமயத்தை மதித்தே மௌனம் காத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெய்யாக நான் காத்துக்கொண்டது என் மானத்தை. 'இவ்வளவு படித்தவன் இதையும் நம்புகிறானே' என்ற பார்வைக்குப் பயந்தேன்.

2015 தை 14ஆம் நாள் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்ட நமது யோசேவ் வாஸ் முனிவரை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களைத் தடைசெய்திருந்த யாழ்ப்பாணத்துக்கு 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்தார். வந்தவுடன் பிரசங்கிக்கவில்லை. கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுத் திரிந்தார். அதைக் கண்டு முகம் மாறியவர்களை இனங்கண்டு பேசினார். பிற்பாடு சில்லாலை அவரை மறைத்துக் காத்தது. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைச் சமயம் பாராமல் பராமரித்தார். செபமாலையை அவர் எவர் கையிலும் திணிக்கவில்லை. மேலாடைக்குள் மறைக்கவும் இல்லை.

நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்கு மறுமொழி சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி எழுதிய இராயப்பர், அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் செய்யச் சொன்னார். 'கேட்பவருக்கு' என்பதைக் கவனியுங்கள். வாழ்க்கைச் சாட்சியமே முதலில் வேண்டும், ஆனால் காலம் வரும்போது வாய்ச்சொல்லும் வேண்டும் என்றார் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், 1975இல்.

அந்த ஆயத்தம் வீட்டில்தான் தொடங்கும். செபமாலை முடிந்ததும் பாயைச் சுருட்டுமுன், "அப்பா, நீங்கள் ஏன் நம்புறியள்?" என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். தகப்பன் ஞானோபதேசப் புத்தகத்தைத் தேடாமல், தாம் கடந்து வந்ததிலிருந்து நாலு வார்த்தை சொல்லட்டும். தடுமாறினாலும் பாதகமில்லை. பிள்ளைக்குச் சொல்லாததை அயலவருக்கு எப்படிச் சொல்வது?

நான் இன்றும் அந்தப் பாதையால் போய் வருகிறேன். வெள்ளாங்குளத்தில் பேருந்து நிற்கும்போது, ஏறுகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொள்கிறேன்.