ஓய்ந்திருக்கும் நாட்கள் வீணான நாட்களா?



உத்தியோகத்தை முடித்துக்கொண்டு கோடைக்கானல் ஏரிக்கரையில் வாழும் ஒரு முதிய தம்பதியை எண்ணிப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். கணவர் அடுப்பு மூட்ட, மனைவி காப்பி போடுவார். பிறகு கரையோரம் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். பேச்சும் அதிகமில்லை.

“இவர்களால் யாருக்கு என்ன பிரயோசனம்?” என்று உலகம் கேட்கிறது. சில வேளை பெற்ற பிள்ளைகளே கேட்கிறார்கள். அதைவிடத் துயரம், முதியவர்களே தங்களை அப்படிக் கேட்டுக்கொள்வது.

அந்த ஏரியையே பாருங்கள். 1863-ஆம் ஆண்டில், மதுரை கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை ஓடைகளை அணைகட்டி மறித்ததால் உண்டானது அது. ஓடின தண்ணீர் நின்றது, வீணாகவில்லை. ஏரி நிரம்பி வழிந்த நீரே மலைப்பாதையோரம் வெள்ளி நீர்வீழ்ச்சியாய் விழுகிறது.

மனிதனும் அவ்வாறே. உழைப்பு நின்றாலும் அன்பு நிற்பதில்லை. குளிரில் நடுங்கும் துணைக்குக் கம்பளி போர்த்திவிடும் கை, முன்பு சம்பளம் வாங்கின கையைவிடத் தாழ்ந்ததா?

ஆகையால் பிள்ளைகளே, உங்கள் பெற்றோரைப் பற்றி, “சும்மா இருக்கிறார்கள்” என்று சொல்லாதேயுங்கள். அவர்கள் அருகில் நீங்களும் சற்று நேரம் சும்மா உட்காருங்கள்.