மருந்துச் சீட்டில் மது

ஒரு பொருள் மருந்தா, அன்றா என்று தீர்மானிக்கும் உரிமை வைத்தியருக்கு உரியதா, அரசுக்கு உரியதா? 1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது இது வெறுந் தத்துவ வினாவாக இருக்கவில்லை. மதுவை விலக்கிய அதே சட்டம் வைத்தியருக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. நோயாளி ஒருவருக்குப் பத்து நாட்களில் ஒரு பைந்து, அதாவது அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாக, விஸ்கி எழுதிக் கொடுக்கலாம். சீட்டுகளை அரசே அச்சிட்டு வழங்கிற்று. 1921ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வைத்தியர் ஒருவருக்கு 90 நாட்களில் 100 சீட்டுகள் என வரையறுத்தது. பியரை எழுதிக் கொடுப்பதையும் தடுத்தது.

விந்தை என்னவெனில், விஸ்கியும் பிராந்தியும் 1916இலேயே அந்நாட்டின் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. மதுவை மருந்தாகப் பயன்படுத்துவதை ஊக்குவிக்கலாகாது என அமெரிக்க மருத்துவச் சங்கம் 1917இல் தீர்மானம் நிறைவேற்றியது. 1922இல் அதே சங்கம் வைத்தியர்களின் கருத்தை வினவியபோதோ, விடையளித்தோரில் 51 சதவீதத்தினர் விஸ்கி தேவையான மருந்தே என்றனர்! ஐந்தாண்டுகளில் விஸ்கியும் மாறவில்லை, மனித உடலும் மாறவில்லை, மாறியது சந்தை. சீட்டொன்றுக்கு வைத்தியர் பெற்றது சுமார் 3 டொலர். மருந்துக் கடைக்காரரின் இலாபம் வேறு. பழைய பயிற்சியினால் விஸ்கியை மனமார நம்பிய வைத்தியர்களும் இருந்திருப்பர். ஆனால் அவர்களின் நம்பிக்கையும் பிறரின் பேராசையும் ஒரே சீட்டிலேயே எழுதப்பட்டன.

நோயாளிக்கு வேண்டிய அளவைத் தம் மருத்துவ அறிவே தீர்மானிக்க வேண்டுமென நியூயோர்க் வைத்தியர் சாமுவேல் லம்பேட் வழக்காடினார். 1926இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை நிராகரித்தது. பொதுநலன் கருதி அரசு விதிக்கும் கட்டுப்பாட்டிற்கு வைத்தியத் தொழிலும் அடங்கியதே என்பது நீதியரசர் பிராண்டைஸின் முடிவு. கொள்கையளவில் அவர் கூற்று சரியென்றே கருதுகிறேன். ஆயினும் ‘பத்து நாட்களில் ஒரு பைந்து’ என்ற அளவு எந்த நோயாளியையும் பார்த்து விதிக்கப்பட்டதன்று.

இந்த வாதத்தில் இரு தரப்பினரும் பேசாத ஒருவன் உண்டு: சீட்டு வாங்க வசதியற்றவன். 1931 டிசம்பரில் நியூயோர்க்கில் மோட்டார் வண்டியில் அடிபட்ட வின்ஸ்டன் சேர்ச்சிலுக்கு, உணவு வேளையில் மது அவசியமென்று வைத்தியர் சான்று கொடுத்தார். குறைந்த அளவு 250 கன சென்றிமீற்றர், மேலெல்லை குறிக்கப்படவில்லை. அதே காலத்தில் தொழிற்சாலைகளுக்கான மதுசாரத்தைக் குடிக்காதிருக்கவென அரசின் விதிப்படி அதில் நச்சு மெதனோல் கலக்கப்பட்டு வந்தது. அதைத் திருடி அரைகுறையாகச் சுத்திகரித்துக் கள்ள வியாபாரிகள் மலிவாக விற்றனர். வாங்கிக் குடித்த ஏழைகள் பலர் கண்ணிழந்தனர், பலர் மாண்டனர்.