பங்களிப்பு என்ற சொல்

பங்களிப்பு என்ற சொல் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கொடுத்தவன் மனமுவந்து கொடுத்தான் என்ற பாவனை அதில் உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றி டு பாய்ஸ் 1924இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே 'கொடை' வருகிறது. அடிமையிடம் பிடுங்கியதைக் கொடை என்றபோது அவருக்கு இருந்தது பெருமிதமா, கசப்பா? இரண்டும் என்றே நினைக்கிறேன்.

வேப்பனப்பள்ளிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் அந்தச் சுரங்கத்துக்காகத்தான் வந்தது. பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு 1905இல். வங்கியில் நகைக்கடனுக்கு வரும் தங்கத்தை உரசிப் பார்த்து எடை போடுகிறோம். வெட்டியவன் யார் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. இருக்கவும் முடியாதுதான்.

இப்போது சிலர் அவர்களுடைய உழைப்பை அங்கீகரிக்கிறார்கள். என் ஆட்சேபம் இங்கேதான். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அவரது பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. 1914இல் அவர் இறந்த பிறகு, 'தமிழன்' பின்னாளில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் சாதியின் தோற்றமும் பௌத்தத்தின் வீழ்ச்சியும் விவாதிக்கப்பட்டன. வியர்வையை மட்டும் பாராட்டுகிறவனுக்கு இந்தச் சிந்தனை கண்ணில் படுவதில்லை.

நம் சிறுபத்திரிகை வரலாற்றை 1933இன் 'மணிக்கொடி'யிலிருந்து தொடங்குகிறோம். 'தமிழன்' இலக்கியப் பத்திரிகை அல்ல என்பார்கள். அப்படியானால் இலக்கியப் பத்திரிகை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணத்தை யாராவது எழுதட்டும், விவாதிக்கலாம்.