யாருடைய காசில் பயணம்?

பிரிட்டனில் அறப்பணிக்காகச் சைக்கிள் மிதிப்பது ஊரறிந்த வழக்கம். லண்டனிலிருந்து பாரிஸுக்கு நான்கு நாள் பயணம் உண்டு. இன்னும் தொலைவு போக விரும்புகிறவர்களுக்கு வியட்நாமின் ஹோ சி மின் நகரிலிருந்து மெக்காங் கழிமுகம் வழியாகக் கம்போடியாவின் அங்கோர் வாட் வரை பாதை இருக்கிறது. பெயர் கொடுத்தவர் பல மாதங்களுக்கு முன்பே உறவினரிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் நன்கொடை கேட்கத் தொடங்குவார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்கு, குழந்தைகள் மருத்துவமனைக்கு என்று நோக்கம் எதுவாகவும் இருக்கலாம். நல்ல நோக்கம் என்பதால்தான் யாரும் அதிகம் விசாரிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். விசாரிக்காமல் கொடுக்கிறவரிடம் வாங்குகிறவருக்குப் பொறுப்பு கூடுதல்.

இந்தப் பயணங்களுக்குப் பணம் கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் விமானக் கட்டணம், விடுதி, வழிகாட்டி, பின்னால் வரும் வண்டி எல்லாவற்றுக்கும் போகிறவரே கட்டிவிடுகிறார். பிறர் கொடுப்பது முழுவதும் நோக்கத்துக்குப் போகிறது. மற்றதில் அவர் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். ஆனால் குறைந்தது இவ்வளவு திரட்டியாக வேண்டும் என்று ஒரு தொகை சொல்லப்படும். திரண்ட பணத்திலிருந்து பயணச் செலவை அறநிறுவனமே பயண ஏற்பாட்டாளருக்குக் கொடுத்துவிடும். 4,000 பவுண்டு திரட்டச் சொல்லி, அதில் 2,000 செலவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கொடுத்த 20 பவுண்டில் 10, விமானச் சீட்டுக்கும் விடுதி அறைக்கும் போகிறது. கொடுத்தபோது அவர் நினைத்தது நோயாளியைத்தான்.

கொடுப்பவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அந்நாட்டு நிதி திரட்டல் விதிகளிலேயே உள்ளது. வரிச் சட்டம் இன்னும் கூர்மையாகப் பார்க்கிறது. கிஃப்ட் எய்ட் திட்டத்தில், வரி கட்டுகிற ஒருவர் அறநிறுவனத்துக்கு 1 பவுண்டு கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். ஆனால் பயணச் செலவை நிறுவனம் ஏற்கும்போது, போகிறவரின் கணவனோ மனைவியோ, பெற்றோரோ, உடன்பிறந்தோரோ கொடுக்கும் பணத்துக்கு அந்தச் சேர்க்கை கிடையாது. அவர் தன் செலவை முழுவதும் தானே கட்டிவிட்டால் தடை நீங்கிவிடும். கைம்மாறாகக் குடும்பத்துக்கு ஒரு பயணம் வந்து சேர்கிறது, எனவே அது முழுக் கொடை அல்ல என்பதுதான் இதன் பொருள். வரித்துறை கண்டுகொண்டதை மனச்சாட்சி கண்டுகொள்ளாமல் இருக்க நியாயமில்லை.

மறுதரப்பு வாதம் வலுவானது. அமெரிக்காவில் 1994-இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் வரை எய்ட்ஸ் நிதிக்கான சைக்கிள் பயணத்தைத் தொடங்கிய டேன் பலோட்டா, செலவு விகிதத்தைப் பார்க்காதீர்கள், கடைசியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள் என்று தொடர்ந்து வாதாடியவர். பயணமே இல்லாவிட்டால் பாதிப் பணம்கூட வந்திருக்காதே என்ற கேள்விக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. மருத்துவ உதவி, பாதை ஏற்பாடு, விளம்பரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் குறை சொல்வதும் தவறு. பணம் திரட்டப் பணம் வேண்டும். ஆனால் அங்கோரின் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் பார்த்த மகிழ்ச்சி அப்படிப்பட்ட செலவு அல்ல. அது போனவரிடமே தங்கிவிடும் பலன். அதற்குரிய விலையை அவரே கொடுப்பதுதான் முறை. மாசசூசெட்ஸில் 1980 முதல் நடக்கும் பேன்-மாஸ் சேலஞ்சில், சைக்கிள் ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் ஒரு டாலர் குறையாமல் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறது. நடத்தும் செலவுக்குப் பதிவுக் கட்டணமும் வணிக நிறுவனங்களின் உதவியும் இருக்கின்றன. செய்ய முடியாத காரியமல்ல.

அப்படியானால் வசதி உள்ளவர்தான் போக முடியுமா என்று கேட்கலாம். சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியாத ஒரு செவிலியர், தான் வேலை செய்யும் மருத்துவமனைக்காகவே மிதிக்க ஆசைப்படலாம். அவர் பாரிஸுக்குப் போகட்டும், செலவும் குறைவு. நியூஹேவனில் கப்பலேறி டியெப்பில் இறங்கினால், பழைய ரயில் பாதையை ஒட்டி நல்ல தடம் இருக்கிறது. தொலைவு கூடுவதால் கொடையின் மதிப்பு கூடுவதில்லை. மெக்காங்குக்குத்தான் போக வேண்டும் என்றால், கேட்கும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே "நீங்கள் தருவதில் பாதி என் பயணச் செலவுக்குப் போகும்" என்று எழுதட்டும். அதைப் படித்த பிறகும் கொடுப்பவரை யாரும் ஏமாற்றவில்லை.

பணத்தைப் போலவே உடம்பும் பொறுப்புக்கு உரியது. குழுவாகப் போகும்போது பயிற்சி சொந்த விஷயமாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் குளிரில் வாரக் கடைசிகளை வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு, வெப்பமண்டல வெயிலில் நாளுக்கு 80 கிலோமீட்டர் மிதிக்க வருகிறவர் மற்றவர்களின் நாளை எடுத்துக்கொள்கிறார். தண்ணீர் நிறுத்தத்தில் எல்லோரும் வெயிலில் அவருக்காகக் காத்து நிற்பார்கள். ஒரே மெக்கானிக் அவர் பக்கத்திலேயே இருக்க, முன்னால் செயின் அறுந்தவர் சாலையோரம் உட்கார்ந்திருப்பார். மருத்துவப் படிவத்தில் இதய நோயையோ வலிப்பையோ மறைப்பது இதைவிடப் பெரிய குற்றம். சிற்றூர்ச் சாலையில் அவர் விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறவர், உண்மை தெரியாமலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். இத்தகைய பயணங்களின் நிரலில் சில வேளை "அனாதை இல்லத்துக்குச் சென்று குழந்தைகளைச் சந்தித்தல்" என்று ஒரு வரி இருக்கும். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் வாழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையாலும், படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் அங்கே விடப்பட்டவர்கள். வெளிநாட்டார் வந்து பணம் கொடுக்கக் கொடுக்க இல்லங்கள் பெருகின. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல என்று 2011-இல் அங்கிருந்தே ஓர் இயக்கம் கிளம்ப வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் பாட்டுப் பாடி, பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு பிரிந்துபோகும் அந்நியர்கள், மாதத்துக்கு எத்தனை குழுக்கள் வருகின்றனவோ அத்தனை முறை அந்தக் குழந்தையின் வாழ்க்கையில் வந்து போகிறார்கள்.

நாடு திரும்பிய பிறகு இதற்கு வருந்துவதில் பயனில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிரலை வரி வரியாகப் படித்து, அந்த வரி இருந்தால் எடுக்கச் சொல்லிக் குழுவாகச் சேர்ந்து ஏற்பாட்டாளருக்கு எழுத வேண்டும். ஒருவர் கேட்டால் தட்டிக்கழிக்கலாம். இருபது பேர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் ஏற்பாட்டாளர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் குளங்களையோ கோயில்களையோ பார்க்கலாம், அல்லது அரை நாள் ஓய்வெடுக்கலாம். கால்களுக்கும் அது தேவைப்படும்.