பில் இல்லாத புண்ணியம்

'மூங்கில், பழைய மரம், சணல்னு பார்த்துப் பார்த்து வேலை செய்யறோம். செலவு கூடத்தான் ஆகுது. எங்களுக்கு வரியில கொஞ்சம் குறைச்சா என்னவாம்?'

இன்டீரியர் டிசைன் ஸ்டூடியோ நடத்துகிற நண்பர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமாகத்தான் தோன்றுகிறது. காட்டை அழிக்காமல் தொழில் செய்கிறவருக்கு நாலு காசு மிச்சமானால் யாருக்கு நஷ்டம்?

நமக்குத்தான்! காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கே வரவைப் பார்த்தாலும் எதிர்ப்பக்கத்தில் பற்றைத் தேடுவோம். வரிச்சலுகை என்பது அரசாங்கம் கையில் கொடுக்காமல் கொடுக்கிற பணம். சலுகைகளால் எவ்வளவு வருமானம் போனது என்று 2006-07 பட்ஜெட்டில் இருந்து மத்திய அரசே தனிக்கணக்கு காட்டுகிறது. சோப்பு வாங்குகிற பூக்காரம்மாவும் வரி கட்டுகிறார். ஸ்டூடியோவுக்கு விடுகிற தள்ளுபடியில் அவர் காசும் இருக்கிறது. ஆகவே, 'எதுக்குக் கொடுக்கறீங்க?' என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

'காசுக்காகச் செய்தால் அது நல்லதே இல்லை' என்பார்கள் சிலர். நான் அந்தக் கட்சி இல்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாளிகள் பலர் அதில் பணம் போட்டது காற்றின் மீதான காதலால் அல்ல. விலையில் 80 சதவிகிதத்தை முதல் வருடமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது வருமான வரிச் சட்டம். 2012-ல் அதை நிறுத்தினார்கள். அடுத்த நிதியாண்டில் புதிய காற்றாலைகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன! 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017-ல் 40 சதவிகிதமாகக் குறைத்தார்கள். நட்டவர் மனதில் என்ன இருந்ததோ, அந்த கரன்ட்டில் எரிகிற பல்புக்குத் தெரியாது. அது எரிகிறது, அவ்வளவுதான்.

எனவே நோக்கத்தை விட்டுவிடுவோம். என் சங்கடம் வேறு.

முழுக்க மூங்கில், பிரம்பால் செய்த ஃபர்னிச்சருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவிகிதம் ஆனது. மற்ற மரச்சாமான்களுக்குப் பொதுவாக 18. சந்தோஷம். இப்போது இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு வீட்டில், தாத்தா காலத்துத் தேக்கு பீரோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, புத்தம்புது மூங்கில் பீரோ வாங்குகிறார்கள். வரி 5. அடுத்த வீட்டில், அதே மாதிரி பீரோவை ஒரு கடையில் கொடுத்து, கீல் மாற்றி, பாலீஷ் போட்டு வாங்குகிறார்கள். கடை ஜி.எஸ்.டி.யில் பதிவானது என்றால் கூலிக்கு வரி 18!

பூமிக்கு யார் நல்லது செய்தார்கள்? சலுகை யாருக்குப் போனது?

சட்டத்தின் மீது தப்பில்லை. அதற்குக் கண் என்றால் பில்தான். வாங்கினால் பில் உண்டு. வாங்காமல் இருந்தால் எதைக் காட்டுவது? கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல்லை நிறுத்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டு, கால்வாசிச் செங்கல்லை மிச்சப்படுத்தும் சுவர் கட்டினார். பழைய கதவு, உடைந்த ஓடு எதையும் விடமாட்டார். அவர் மிச்சப்படுத்திய செங்கல்லுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது.

ஸ்வீடனில் 2017-ல் சைக்கிள், செருப்பு, துணி ரிப்பேருக்கான வரியை 25-லிருந்து 12 சதவிகிதமாகக் குறைத்துப் பார்த்தார்கள். அந்தத் திசையில் நாமும் யோசிக்கலாம். ஸ்டூடியோக்களுக்குச் சலுகை தாராளமாகக் கொடுங்கள். ஆனால் புதிதாக எதைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதற்கு அல்ல, இருந்ததில் எதைக் காப்பாற்றினார்கள் என்பதற்கு. அளப்பது கஷ்டம்தான். ஆனால், அளக்கச் சுலபம் என்பதற்காக வாங்குவதை மட்டுமே நல்லது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், பிறகு சிக்கனத்துக்கு என்ன பெயர் வைப்பது? கஞ்சத்தனம் என்றா?