வெறும் வெளி

வருசநாட்டுக்காரனுக்கு வானம் என்பது இரண்டு மலைகளுக்கு நடுவில் தெரிகிற துண்டுதான். கடமலைக்குண்டிலோ மயிலாடும்பாறையிலோ எந்தத் தெருவில் நின்றாலும், பார்வை போய்ச் சாய்ந்துகொள்ள ஒரு மலைச் சரிவு இருக்கும். அப்படி வளர்ந்த நான், இராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை முகத்துவாரத்துக்கு முதன்முதலாகப் போனபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துபோனேன். உவர்ச் சேறு, கோரை, அதற்கப்பால் ஒன்றுமே இல்லை.

"இதில் பார்ப்பதற்கு என்ன சார் இருக்கிறது?" என்றேன், கூட வந்த நண்பரிடம். அவர் அந்தச் சீமைக்காரர். "உங்கள் ஊருக்கு வந்தபோது நானும் இதையேதான் கேட்க நினைத்தேன். மலை மறைத்துக்கொண்டு நிற்கிறதே, எதைப் பார்ப்பது?" என்றார்.

விசித்திரம் என்னவென்றால், இப்போது என் கனவில் வருவது அந்தச் சேற்று வெளிதான். மலை தன் உருவத்தைத் தானே நமக்குக் கொடுத்துவிடுகிறது. மனசுக்கு வேலை இல்லை. வெளியில் ஒரு கொக்கு நின்றால் அதுதான் கோபுரம். மற்றதையெல்லாம் நாம்தான் இட்டு நிரப்ப வேண்டும். நம் துக்கத்தைத் தவிர நிரப்புவதற்கு வேறென்ன இருக்கிறது? முன்னோர் குறிஞ்சிக்குப் புணர்தலை வைத்துவிட்டு, கழியும் கானலுமான நெய்தலுக்கு இரங்கலை வைத்தது இதனால்தானோ என்னவோ. புலவர்கள் வேறு காரணம் சொல்வார்கள், சொல்லட்டும்.

ஆனால் 'ஒன்றுமே இல்லை' என்ற வார்த்தை பொல்லாதது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பை வீண் நிலம் என்று எண்ணித்தான் அதில் ஊர்க் குப்பையைக் கொட்டினார்கள். 2022-ல் அது ராம்சார் பட்டியலில் ஏறியது. இராமநாதபுரம் சீமையின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களும் அதில் ஏறின.

குப்பை கொட்டினவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வைகை எங்கள் மலையில் பிறக்கிறது. சுமார் 258 கிலோமீட்டர் போய்ப் பெரிய கண்மாயில் விழுகிறது. மிஞ்சினால்தான் கடலைத் தொடும். என் பெரியப்பா மலைக்காட்டை வெட்டித் திருத்தி இலவ மரம் வைத்தார். அந்தப் பஞ்சு விற்ற பணத்தில்தான் நான் கல்லூரி வாசலை மிதித்தேன். 2021-ல் அந்த மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தன. மூல வைகையிலோ மழைக்காலம் போனால் மணல்தான். பெரியப்பா பாவி இல்லை. இப்படி ஒரு வெளி இருப்பதே அவருக்குத் தெரியாது. கண்ணால் பார்த்திராத நிலத்துக்கு ஒரு மனிதன் கடன்படுவானா? அவர் படமாட்டார் என்று வைத்துக்கொண்டாலும், பார்த்துவிட்டு வந்த நான்?

திரும்பும்போது கண்மாய்க் கரையில் நண்பர் கேட்டார்: "உங்கள் பக்கம் இந்த வருஷம் மழை எப்படி?"

"பரவாயில்லை" என்றேன்.